மே மாத வெயிலில் மீன் பப்ஸ்

போன எபிசோடில் டேட்டாபேஸ் பேக்கப் பற்றிப் பேசிவிட்டு, மீதி அடுத்த வாரம்னு சொல்லியிருந்தேன். அது வரும். நடுவில் பத்து நாள் ஊருக்குப் போயிருந்தேன். அங்கே நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே வேறு எதுவும் ஓடாது.

ஊர் பெரியதாழை. தெரியாதவர்களுக்கு: திருச்செந்தூரிலிருந்து கடலோரமாகத் தெற்கே வந்தால் குலசேகரன்பட்டினம், மணப்பாடு, அப்புறம் நாங்கள். அதற்கும் தெற்கே உவரி. ஊர் முழுக்க மீன்பிடித் தொழில். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் வள்ளம் இருக்கிறது. அக்கா மகனுக்கு மே மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை. கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களுக்கு: பிள்ளைகள் முதல் தடவையாகக் கோயிலில் நற்கருணை வாங்குகிற நாள். காலையில் பூசை, சாயங்காலம் வீட்டு மாடியில் விருந்து. அறுபது பேர். சாப்பாடு எட்டு மணிக்குத்தான், ஆனால் அஞ்சரைக்கே ஆள் வந்துவிடும். அந்த இரண்டரை மணி நேரத்துக்குக் கையில் கொடுக்க என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி.

அப்பா சொன்னார், "டவுன்ல வெஜ் பப்ஸ் சொல்லிருவோம்." நான், "வேண்டாம்ப்பா, நானே போடுறேன், மீன் பப்ஸ்"னு சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. "ஏல, வாறவங்கள்ல பாதிப் பேரு மெட்ராஸ்காரங்க. மீன் வாடை அடிக்குன்னுட்டா?"

இதற்கு ஒரு பின்கதை உண்டு. அக்கா கல்யாணமாகி சென்னைக்குப் போன புதிதில் அப்பா அவளைப் பார்க்கப் போனார். கையில் கருவாட்டுப் பார்சல், நல்ல சீலாக் கருவாடு. அபார்ட்மெண்ட் லிஃப்டில் ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு பாதி மாடியிலேயே இறங்கிக்கொண்டாராம். அப்பா இதை எங்களிடம் சொல்லவில்லை, அக்காதான் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் சென்னைக்குப் போனால் தூத்துக்குடி மக்ரூன் மட்டும்தான் எடுத்துப் போவார். முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு. அதில் எந்த வாடையும் இல்லை. நாற்பது வருஷம் கடலுக்குப் போன மனுஷன் சொந்த மகள் வீட்டுக்கு மீன் கொண்டுபோகக் கூச்சப்படுகிறார். எனக்கு அது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் இந்த விருந்தில் முதல் தட்டில் போவது அவர் பிடித்த சூரையாகத்தான் இருக்கணும்னு முடிவு பண்ணிவிட்டேன். எனக்குப் பப்ஸ் போடத் தெரியாது என்பது அப்போது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. [சிரிப்பு]

முதல் முயற்சி ஏப்ரலில், ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. யூடியூபில் ஒரு வெளிநாட்டு வீடியோ. வெண்ணெயைப் பலகை மாதிரித் தட்டி, மாவுக்குள் வைத்து மூடி, தேய்த்து மூணாக மடித்து, மறுபடி தேய்த்து மறுபடி மடிக்கணும். அப்படியே செய்தேன். இரண்டாவது மடிப்பிலேயே வெண்ணெய் ஓரமாக வழிந்து கையெல்லாம் ஒட்டியது. பிடிவாதமாக மடித்து முடித்து ஓடிஜி அடுப்பில் வைத்தேன். பத்தாவது நிமிஷம் எட்டிப் பார்த்தால் தட்டு முழுக்க நெய் கொதிக்கிறது, அதில் என் பப்ஸ் மிதந்து பொரிகிறது. அம்மா ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது நெய் பிஸ்கட்டுல்லா?"ன்னாங்க.

வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவில் "அறை வெப்பநிலையில் வேலை செய்யுங்கள்"னு சொல்கிறார். அவர் அறை எது? ஜன்னலுக்கு வெளியே பனி கிடக்கிறது! என் அறை 34 டிகிரி. சாஃப்ட்வேரில் இதை தினமும் பார்க்கிறோம் இல்லையா, "என் மெஷினில் ஓடுதே" என்பது. எழுதினவருக்குத் தன் மெஷினில் என்ன இருக்கிறது என்பதே கண்ணில் படாது, அதனால் எழுதி வைக்க மாட்டார்.

சரி, குளிர்ச்சி எதற்கு? பப்ஸ் உப்புவதற்கு ஈஸ்டும் கிடையாது, சோடாவும் கிடையாது. மாவு ஒரு அடுக்கு, கொழுப்பு ஒரு அடுக்கு, மாவு, கொழுப்பு. அடுப்பில் போனதும் மாவிலும் வெண்ணெயிலும் இருக்கிற தண்ணீர் ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் கொள்ளளவு 1600 மடங்குக்கும் மேலே போகும். அந்த ஆவி வெளியே வரப் பார்க்கும்போது நடுவில் இருக்கிற கொழுப்பு அதைத் தடுக்கிறது, அதனால் மேல் அடுக்கைத் தூக்குகிறது. எல்லா அடுக்கும் இப்படித் தூக்கிக்கொண்டு நிற்கும்போது மாவு வெந்து கெட்டியாகிவிட்டால் அதுதான் பப்ஸ்.

மூணு மடிப்பாக அஞ்சு தடவை மடித்தால் மூணின் அஞ்சாம் அடுக்கு, 243. ஒரு கிலோ மைதாவுக்கு முக்கால் கிலோ வெண்ணெய் போட்டு, கடைசியில் 4 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்தால் ஒவ்வொரு வெண்ணெய் அடுக்கும் சுமார் 5 மைக்ரான். தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு மெல்லிசான படலம் கிழியாமல் இருக்கணும்னா வெண்ணெய் மெழுகு மாதிரி வளையணும், அதற்கு 13 முதல் 16 டிகிரி வேண்டும். அதைவிடக் குளிர்ந்தால் மாவுக்குள்ளேயே துண்டு துண்டாக உடையும். 20 தாண்டினால் குழையும். 32, 35-ல் உருகியே போகும். என் சமையலறையில் வெண்ணெய் என்பது ஒரு திரவம்!

பரோட்டாவும் அடுக்குதானே, அது மட்டும் எப்படி இந்த வெயிலில் வருதுன்னு கேட்கலாம். அங்கே எண்ணெய் திரவமாக இருந்தே வேலை செய்கிறது. மாவை வீசி, சுருட்டி, கல்லில் போட்டு, கடைசியில் மாஸ்டர் இரண்டு கையாலும் அடிக்கிறார் பாருங்க, அந்த அடிதான் அடுக்கைப் பிரிக்கிறது. பப்ஸை யாரும் அடிக்க முடியாது, ஆவிதான் பிரிக்கணும்.

என் மாமா ஒருத்தர் ரொம்ப வருஷம் பேக்கரியில் மாஸ்டராக இருந்தவர். போன் போட்டேன். அவர் சிரித்துவிட்டு, "வெண்ணெய்ல பப்ஸா? பேக்கரில எவனும் போடமாட்டான் மாப்ளே. பப்ஸ் மார்ஜரின்னு தனியா வருது, அதை வாங்கு"ன்னார். உண்மைதான். பப்ஸுக்கென்றே செய்கிற மார்ஜரின் உருக 40 டிகிரிக்கு மேல் ஆகும், நம்ம ஊர் வெயிலில் மடித்தாலும் நிற்கும். முன்னெல்லாம் இந்தக் கொழுப்புகளில் டிரான்ஸ் ஃபேட் ஒரு பெரிய கவலை. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. அதனால் மார்ஜரினை விஷம் மாதிரி பேச நான் தயாராக இல்லை. நாள் பூரா பப்ஸ் போட்டுக் குறைஞ்ச விலைக்கு விற்கிற கடைக்கு அதுதான் சரி. என் சிக்கல் வேறு. உருக 40 டிகிரி வேண்டும்னா நம்ம வாயில் அது உருகாது, வாய் 37 டிகிரிதான். சில பப்ஸ் சாப்பிட்டதும் மேலண்ணத்தில் மெழுகு பூசின மாதிரி இருக்கும் இல்லையா, அதுதான் இது. மசாலா வாசனை எல்லாம் அந்தப் பூச்சுக்கு அடியில் போய்விடும். அப்பா பிடித்த மீனை அதுக்கு அடியில் புதைக்க எனக்கு மனசு வரவில்லை.

இரண்டாவது முயற்சி, ஒவ்வொரு மடிப்புக்கும் ஃப்ரிட்ஜில் வைத்து. கொஞ்சம் உப்பியது. ஆனால் வெட்டி வைத்த சதுரமெல்லாம் அடுப்பில் சுருங்கிக் காத்தாடி மாதிரி ஆகிவிட்டது. மடிப்புகளுக்கு நடுவில் மாவை ஓய்வெடுக்க விடவில்லை. தேய்க்கத் தேய்க்க மைதாவின் குளூட்டன் ரப்பர் மாதிரி இறுகும், முக்கால் மணி நேரமாவது சும்மா விட்டால்தான் தளரும். அதைவிடப் பெரிய தொல்லை, வீட்டு ஃப்ரிட்ஜில் ஏற்கெனவே ஊரே இருக்கிறது. மாவு தட்டையாக வைக்க இடமே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் கரையில் உட்கார்ந்திருந்தேன். தூண்டில் வளைவுப் பக்கம் ஒரு வள்ளத்துக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெரிய கட்டியை உடைத்து, பெட்டியில் கொட்டி, மூடி. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு ஐந்து நிமிஷம் கழித்துத்தான் மண்டையில் ஏறியது. 'என் ஊரில் குளிர்ச்சி இல்லை'ன்னு மூணு வாரமாகப் புலம்பிக்கொண்டிருக்கிறேன், இந்தக் கரையில் பிழைப்பே ஐஸில்தான் நடக்கிறது!

அப்பாவிடம் ஒரு புது தெர்மாகோல் பெட்டி கேட்டேன். மீன் பெட்டி வேண்டாம், மாவில் வாடை ஏறும். ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைய வைத்ததோ, அது மாவில் பட்டுவிடக் கூடாது என்பதால் மாவை பிளாஸ்டிக் தாளில் சுற்றி, எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மூடி, அதை ஐஸுக்குள் புதைத்தேன். சமையலறையின் கடப்பாக்கல் மேடை மேல் இரண்டு தாம்பாளத்தில் ஐஸ் நிரப்பி இருபது நிமிஷம் வைத்தால் கல் சில்லென்று ஆகிவிடும். ஒரே ஒரு வம்பு: கடலோரக் காற்றில் அவ்வளவு ஈரம், குளிர்ந்த கல் உடனே வியர்க்கும். உலர்ந்த துணியால் துடைத்து, மைதா தூவி, பத்து நிமிஷத்துக்குள் தேய்த்து மடித்துவிடணும். பிறகு மறுபடி தாம்பாளம். மூணாவது முயற்சியில் ஒரு பப்ஸ் இரண்டு விரல் உயரத்துக்கு எழும்பியது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா மட்டும் வந்தாங்க.

இப்போது மீன். எங்கள் ஊர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போக மாட்டார்கள். அதனால் விருந்துக்கான சூரை சனிக்கிழமைப் பாட்டில் வந்தாகணும். மே மாசம் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஃபைபர் வள்ளங்களுக்கு அது இல்லை. ஆனால் வலை போட்டால் சூரை விழும்னு யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். இது அப்பாவின் கையிலும் இல்லை.

சனிக்கிழமை விடியற்காலை மூணு மணி. நாளில் கொஞ்சமாவது குளிர்ச்சியான நேரம் அதுதான். நான் மடிக்க எழுந்தேன், அப்பா கடலுக்குப் போக எழுந்தார். நான் வீட்டில் இருந்த இத்தனை வருஷத்தில் அந்த நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முழித்திருந்ததே இல்லை. அவர் கடுங்காப்பி குடித்துக்கொண்டே மேடையைப் பார்த்தார். "இதையா அஞ்சு மட்டம் மடிக்கப் போற?" "ஆமாப்பா." "வலை மடிக்கத் தெரியாதுன்னு அன்னைக்கு ஓடுனவன்"னு சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பதினோரு மணிக்கு வள்ளம் வந்தது. பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் இரண்டு சூரை இருந்தது, இரண்டும் சேர்ந்து மூணு கிலோ வரும். பிடித்த உடனே ரத்தம் வடித்து ஐஸில் போட்டிருந்தார். இது ரசனைக்காக இல்லை. சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் அதிகம். மீன் சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். முகம் சிவந்து, தடித்து, தலைவலி, சிலருக்கு வாந்தி வரை போகும். முக்கியமான விஷயம், ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் வேக வைத்தாலும் போகாது, ஓவனில் வைத்தாலும் போகாது. அறுபது பேர் விருந்தில் இது விளையாட்டில்லை. அப்பாவுக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாது. "வெயில்ல கெடந்த சூரை நாக்குல சுர்ருங்கும், துப்பிரணும்" என்பதுதான் அவர் பாடம். அதுவும் சரிதான், ஹிஸ்டமின் ஏறின மீனில் மிளகு மாதிரி ஒரு காரம் தெரியும் என்கிறார்கள். ஆனால் எல்லா நேரமும் தெரியாது, அதனால் நாக்கை நம்பாமல் ஐஸை நம்புங்கள்.

பூரணம் அம்மாவின் சூரைப் புட்டு. மஞ்சளும் உப்பும் போட்டு வேக வைத்து, தோல், முள், கருஞ்சதை எல்லாம் எடுத்து உதிர்த்து, சின்ன வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மிளகுத்தூள் கொஞ்சம் தாராளமாக. அம்மா வழக்கமாகத் தேங்காய்த் துருவல் போடுவாங்க. அதை நான் தடுத்தேன், ஈரம் அதிகம். பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் ஒரு கைப்பிடி வறுத்துப் போடுவதென்று சமாதானம். இறக்கும்போது எலுமிச்சை. வாணலியில் ஒட்டாமல் உருளும் வரை வற்ற வைத்து, பரப்பி ஆற வைத்து, உடனே ஃப்ரிட்ஜில். சூடான பூரணத்தை வைத்தால் அது தொடும் இடத்தில் வெண்ணெய் உருகிவிடும், ஈரமான பூரணம் வைத்தால் அடி களி மாதிரி ஆகிவிடும்.

ஞாயிறு மறுபடி மூணு மணி. தேய்த்து, ஏழு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினேன். கத்தியை இழுக்காமல் நேராக ஒரே அழுத்து. இழுத்தால் ஓரத்தில் அடுக்குகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். மேலே முட்டை தடவும்போதும் அப்படித்தான், ஓரத்தில் வழிந்தால் அது பசை மாதிரி, அந்தப் பக்கம் எழும்பாது. கோணல் ஓரங்கள் போக 92 தேறியது. ஒரு தேக்கரண்டி பூரணம், முக்கோணமாக மடிப்பு. எங்கள் ஃப்ரீசர், சித்தி வீட்டு ஃப்ரீசர், எதிர் வீட்டு ஃப்ரீசர் என்று மூணு இடத்தில் பிரித்து வைத்துவிட்டுப் பூசைக்கு ஓடினேன். சென்னையில் சர்வரை மூணு ரீஜனில் வைப்போம், இங்கே மூணு வீட்டில். [சிரிப்பு]

மதியம் மூணு மணிக்கு அடுப்பு. 210 டிகிரியில் நன்றாகச் சூடாக்கிவிட்டு, ஃப்ரீசரிலிருந்து நேரே தட்டுக்கு. ஒரு ஈடுக்குப் பதினாறு, இருபத்தைந்து நிமிஷம். ஆறு ஈடு. முதல் இரண்டு ஈடு கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்தது. மூணாவது ஈடு வைத்து எட்டாவது நிமிஷத்தில் கரண்ட் போனது. பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். எனக்கு இருபத்தைந்து நிமிஷம் கரண்ட் போதும்! கதவைத் திறக்காமல் அப்படியே வைத்திருந்தேன். இருபது நிமிஷம் கழித்துக் கரண்ட் வந்து, மறுபடி சூடேறி, பார்த்தால் பதினாறும் பாதி எழும்பி உட்கார்ந்துவிட்டது. உள்ளே மாவு இறுகுவதற்குள் ஆவி அடங்கிவிட்டது. அதைப் புதுநன்மை எடுத்த பையனும் அவன் கூட்டாளிகளும் தின்று தீர்த்தார்கள். மீதி 76.

அஞ்சரைக்குத் தட்டு மேலே போனது. நான் படிக்கட்டில் நின்றுகொண்டேன், நேராகப் பார்க்கத் தைரியம் இல்லை. பப்ஸ் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நல்ல சத்தம். அத்தானுடைய அம்மா, சென்னைக்காரங்க, இரண்டாவது எடுத்துக்கொண்டே கேட்டாங்க, "சம்பந்தி, உள்ள என்ன மீன் இது? வாசனையா இருக்கே." அப்பா தண்ணீர் டம்ளர் அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "சூரை"ன்னார். ஒரு நிமிஷம் விட்டு, "நம்ம வள்ளத்துல பட்டது. நேத்துக் காலைல"ன்னார். அப்புறம் எந்த ஆழத்தில் வலை போட்டது, நீரோட்டம் எப்படி இருந்தது என்று அரை மணி நேரம் போனது. கொழும்பில் வேலை பார்த்த ஒரு தாத்தா நடுவில் வந்து, அங்கே மீன் பற்றிஸ் சாப்பிட்ட கதையை ஆரம்பித்தார், அது தனி எபிசோட்.

எல்லாருக்கும் பிடித்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு அண்ணன் வெஜ் இல்லையா என்று கேட்டார். இல்லை. அதை நான் யோசித்திருக்கணும், அடுத்த தடவை இருபது உருளைக்கிழங்குக்கு ஒதுக்குவேன். ஏழரைக்கு மேல் இருந்தது எல்லாம் கடற்காற்றில் நமத்துப்போனது. நமத்தால் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், தோல் மாதிரி ஆகிவிடும். ஓவனில் 160 டிகிரியில் எட்டு நிமிஷம், இல்லையென்றால் கனமான தோசைக்கல்லில் மூடி போட்டுச் சின்னத் தீயில். ஆனால் மீன் பூரணம் என்பதால் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததைச் சூடு பண்ணிச் சாப்பிட வேண்டாம், நாங்கள் மீந்த நாலைக் கோழிக்குப் போட்டுவிட்டோம்.

ராத்திரி எல்லாம் கழுவி முடிக்கும்போது பதினொன்று. அப்பா ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துத் தண்ணீர் வடித்துக்கொண்டே கேட்டார், "ஏல, கிறிஸ்மஸுக்கு நண்டு வச்சுப் பாப்பமா?"

நண்டுச் சதையில் தண்ணீர் ரொம்ப அதிகம். எப்படி வற்ற வைப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் எழுதுங்கள். அடுத்த வாரம் பேக்கப்பின் மீதிக் கதை. வரட்டா?